‘மறுகா பாப்பம்’ என்றால் எப்ப? மேடையில் ஊர்ப்பேச்சுப் பேசுகிறவரைக் கேட்டு எடைபோடும் முறை

தேர்தல் காலத்தில் சந்தியில் கதிரை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, வேட்பாளர் எழும்பி நின்று “என்னகா, எல்லாரும் சுகமா இரிக்கயளா?” என்று கேட்டதும் கூட்டம் இளகிவிடும். அந்த இளக்கத்தில் பிழையில்லை. மட்டக்களப்புப் பேச்சை மற்றவர்கள் கேலி செய்வதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். வெளியூருக்குப் படிக்கப் போன பிள்ளை ‘பிறகு’ என்று பொருள்படும் ‘மறுகா’ என்ற சொல்லை நாக்கிலேயே அடக்கிக்கொள்ளும். தமிழின் பேச்சு வழக்குகளில் இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்பு வழக்குத்தான் என்று செக் நாட்டு மொழியியலாளர் கமில் சுவெலபில் 1960களில் எழுதினார். அப்படிப்பட்ட பேச்சை ஒருவர் மேடையில் கூச்சமில்லாமல் பேசும்போது மனசு குளிர்கிறது. குளிர்ந்த மனசு கணக்குக் கேட்க மறந்துவிடுகிறது.

அந்தக் கணக்கைக் கேட்பதற்கான முறை இது. இளைஞர் கழகம், மாதர் சங்கம், கமக்கார அமைப்பு, மீனவர் சங்கம், உள்ளூர்ச் செய்தியாளர் என்று யாரும் செய்யலாம். ஒரு கூட்டத்துக்கு இரண்டு பேர், ஒரு போன், ஒரு சி.ஆர். கொப்பி, மூன்று நிறப் பேனை போதும். கூட்டத்துக்குப் பிறகு ஒரு இரவு வேலை இருக்கிறது.

ஏன் இவ்வளவு ஊர்ப்பேச்சு

காரணம் வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்ட பிறகு, அதே பட்டியலில் உள்ளவர்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடலாம். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனம்; ஒரு பட்டியலில் 8 பேர். அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்ல மாவட்டத்துக்கு 7 ஆசனம்; ஒரு பட்டியலில் 10 பேர். ஒரே கட்சி, ஒரே விஞ்ஞாபனம், ஒரே சின்னம். கொள்கையை வைத்து ஒருவர் மற்றவரைத் தாண்ட முடியாது. மிச்சமிருப்பது ஆள்தான். ஆகவே “நான் உங்கட புள்ள”, “உங்கட சோத்தத் திண்டு வளந்தவன்” என்ற பேச்சுக்கு உண்மையான வாக்குப் பெறுமதி உண்டு. உங்களோடு ஊர்ப்பேச்சுப் பேசுகிறவரின் முதல் போட்டியாளர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, அதே மேடையில் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவர். இதை மனதில் வைத்துக் கேட்டால், எதற்காக எந்த இடத்தில் குரல் குழைகிறது என்பது விளங்கும்.

இது எங்கள் மண்ணுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஒக்ஸ்போர்டில் படித்து வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தேசிய உடைக்கு மாறி, 1956இல் சாதாரண மக்களின் ஆளாக நின்று வென்றார். மகிந்த ராஜபக்ச தோளில் போட்ட குரக்கன் நிறச் சால்வை தெற்கின் குரக்கன் விவசாயியை நினைவூட்டுவதற்கானது. அவுஸ்திரேலியாவில் 2009இல் பிரதமர் கெவின் ரட், சீன மொழியைச் சரளமாகப் பேசும் முன்னாள் இராஜதந்திரி, ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சோஸ் போத்தலை வைத்துச் சொல்லும் பழைய நாட்டுப்புறத் தொடரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊரார் சொல்லும் வடிவத்திலிருந்து அது ஒரு சொல் விலகியிருந்தது. அந்த ஒரு சொல்லே பெரிய பேச்சானது. சொல் பிசகியதைப் பிடிப்பது சுலபம். அதற்குப் பின்னால் வந்த வாக்குறுதியைப் பிடிப்பதுதான் வேலை.

பேச்சைப் பதிவு செய்தல்

ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம். குரல் வெடித்துப் பதிவாகும். பிறகு எழுத உட்காரும்போது பாதிச் சொல் பிடிபடாது. பெட்டிக்குப் பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நில்லுங்கள். சட்டைப் பைக்குள் போனை வைத்தால் துணி உரசும் சத்தம்தான் கேட்கும். கையில் பிடித்து, அடிப்பக்கத்து மைக் துளையை விரல் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விமானப் பயன்முறையில் போடாவிட்டால் நடுவில் வரும் ஒரு அழைப்பு பதிவை அறுத்துவிடும், அநேகமாகத் தேவையான இடத்திலேயே. தொடங்கும்போது திகதி, இடம், நேரம், பேசுகிறவர் பெயர் நான்கையும் உங்கள் குரலில் சொல்லிப் பதியுங்கள். இரண்டாவது ஆள் பதிவு செய்யாமல் கூட்டத்தைப் பார்க்கட்டும்: எங்கே சிரித்தார்கள், எங்கே கை தட்டினார்கள், எந்தக் கேள்விக்கு மைக்கை மற்றவரிடம் கொடுத்தார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளட்டும்.

சந்திக் கூட்டம் பொதுவானது. ஒரு வீட்டு முற்றத்தில் இருபது பேரைக் கூட்டி நடத்தும் ‘பொக்கட் மீற்றிங்’ அப்படியல்ல. அங்கே வீட்டுக்காரரிடமும் பேசுகிறவரிடமும் கேட்டுவிட்டுப் பதியுங்கள். விட மாட்டோம் என்றால் கொப்பியில் எழுதுங்கள். வாக்குறுதிகள் அதிகம் கொட்டுவது அந்த முற்றத்தில்தான் என்பதால் அதை விட்டுவிடக் கூடாது.

மூலப் பதிவை வெட்டாமல் இரண்டு இடத்தில் சேமியுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். குரல் செய்தியாகப் போனால் தரம் குறையும்.

எழுதி எடுத்தல்

நாற்பது நிமிடப் பேச்சு முழுவதையும் எழுத வேண்டியதில்லை. முதல் மூன்று நிமிடம், வாக்குறுதி வருகிற பகுதிகள், கேள்வி பதில் இவை போதும். நன்றி சொல்லும் பட்டியலையும் மற்றக் கட்சியைத் திட்டும் பகுதியையும் தாண்டிப் போகலாம். பழக்கமில்லாத கைக்கு ஐந்து நிமிடப் பேச்சை எழுத முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை எடுக்கும்.

எழுதும்போது திருத்தாதீர்கள். இது முக்கியம். ‘இரிக்கு’ என்று சொன்னால் ‘இரிக்கு’ என்றே எழுத வேண்டும். கை தானாக ‘இருக்கிறது’ என்று எழுதப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். திருத்தி எழுதினால் முழுப் பேச்சும் ஒரே தமிழாகிவிடும், தேடிவந்த தடயம் அழிந்துபோகும்.

கொப்பியை மூன்றாகப் பிரியுங்கள். இடப்பக்கம் வசனம். நடுவில் அது எந்தத் தமிழ் என்ற அடையாளம். வலப்பக்கத்தில் நான்கு கேள்விக்கு இடம்: ஆர், எப்ப, எவ்வளவு, எந்தக் காசு.

நடு நிரலுக்கு மூன்று நிறம். வீட்டிலும் வட்டையிலும் (வயல்வெளி) வாடியிலும் (தொழில் செய்யும் இடத்துக் கொட்டில்) பேசுவது ஊர்ப்பேச்சு, அதற்குப் பச்சை. ‘அன்பார்ந்த தாய்மார்களே’ போன்றது மேடைத்தமிழ், அதற்கு நீலம். ‘உரிய நடவடிக்கை’, ‘ஆவன செய்யப்படும்’, ‘நிதி ஒதுக்கீட்டுக்கு அமைவாக’ என்று கடிதத்தில் வருவது கந்தோர்த் தமிழ், அதற்குச் சிவப்பு. முதல் இரண்டு மூன்று பக்கத்தில் தடுமாறும். பிறகு கண் பழகிவிடும்.

பேச்சு மாறுகிற இடம்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கீழே உள்ளது பயிற்சிக்காக அமைத்த ஒரு மாதிரி. எந்த ஒருவருடைய பேச்சும் அல்ல.

“ஒள்ளம் சுணங்கிப் போச்சு, கோவிக்காதீங்க. இந்த றோட்டால வரக்குள்ள என்ட முதுகு முறிஞ்சி போச்சு. எங்கட ஆக்கள் எத்தின வருசமா இந்தப் பள்ளத்துக்குள்ள விழுந்து எழும்புற? நான் இதப் பாத்திட்டு இரிக்க மாட்டன். இவ்வீதி தொடர்பாக உரிய அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு, நிதி ஒதுக்கீட்டுக்கு அமைவாக நடவடிக்கை எடுக்கப்படும்.”

‘இரிக்க மாட்டன்’ வரை பச்சை. அடுத்த வசனம் முழுவதும் சிவப்பு. குறையைச் சொன்னபோது ‘நான்’ இருந்தது, ‘என்ட முதுகு’ இருந்தது. வேலை என்று வந்தவுடன் ஆளையே காணவில்லை. கொண்டுவரப்படும் என்றால் கொண்டுவருவது ஆர்? எடுக்கப்படும் என்றால் எடுக்கிறது ஆர்? ஊர்ப்பேச்சில் ‘படும்’ போட்டு இப்படிப் பேச முடியாது. “வரம்பு கட்டப்படும்” என்று எந்தக் கமக்காரனும் வீட்டில் சொல்வதில்லை. “நாளைக்கு வரம்பு கட்டுவன்” என்பான், அல்லது “தம்பி கட்டுவான்” என்பான். எங்கள் பேச்சு வேலைக்கு ஆளைக் கேட்கிற பேச்சு. அதனால்தான் வாக்குறுதி வரும் இடத்தில் அதைக் கழற்றி வைக்கிறார்கள்.

ஆகவே பச்சை சிவப்பாக மாறும் ஒவ்வொரு இடத்திலும் பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள். சிவப்பு வசனத்தில் ‘படும்’ என்று முடியும் வினைகளை எண்ணுங்கள். அந்த வசனத்துக்கு எதிரே வலப்பக்க நான்கு இடத்தையும் நிரப்பப் பாருங்கள். மேலே உள்ள மாதிரியில் நான்கும் வெறுமை.

மாற்றம் மறுபக்கமாகவும் நடக்கும். கேள்வி நேரத்தில் ஒருவர் எழும்பி, “போனமுறை சொன்ன கிணறு எங்க?” என்று கேட்கிறார். அதுவரை நல்ல மேடைத்தமிழில் பேசியவர் திடீரென்று பச்சைக்கு வருகிறார்: “அண்ணே, மறுகா பாப்பம். நம்மட வீட்டு ஆக்கள்தானே, நான் உங்கள விட்டு எங்க போற?” கூட்டம் சிரிக்கிறது, கேட்டவர் இருந்துவிடுகிறார். பழமொழி, சினிமாப் பஞ்ச் வசனம், கேட்டவரின் தகப்பன் பெயரைச் சொல்லிக் குசலம் விசாரித்தல் எல்லாம் இதே வேலையைச் செய்யும். இரண்டாவது ஆள் சிரிப்பையும் கைதட்டலையும் நேரத்தோடு குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். சிரிப்புக்கு முந்தின கேள்விக்குப் பதில் வந்ததா என்று பிறகு பார்க்கலாம்.

இரண்டு மாற்றமும் இல்லாமல் பேசுகிறவர்களும் உண்டு. “இது பிரதேச சபைட றோட்டு. நான் சபைக்கு எழுதி, அந்தக் கடிதத்திட கொப்பிய உங்கட சங்கத் தலைவருக்குத் தருவன். அடுத்த மாசம் பத்தாந் திகதிக்குள்ள தராட்டி என்னக் கேளுங்க” என்பது முழுக்கப் பச்சை, நான்கில் இரண்டு இடம் நிரம்பியது. அவர் கட்சி எதுவாக இருந்தாலும் இப்படிப் பேசினால் கொப்பியில் அப்படியே எழுதுங்கள்.

சொற்களை எடைபோடுதல்

ஊர்ச்சொல்லிலும் இரண்டு வகை உண்டு. மறுகா, ஒள்ளம் (கொஞ்சம்), கா, மனே, கிறுகு (திரும்பு), சுறுக்கா (விரைவாக) இவை பெயர் பெற்ற சொற்கள். மட்டக்களப்பான் என்று காட்ட ஆரும் இவற்றைத்தான் முதலில் எடுப்பார்கள்; ஒரு பின்னேரத்தில் பாடமாக்கிவிடலாம். வட்டை, வட்டவிதானை (வட்டையின் தண்ணீரையும் வேலையையும் கவனிப்பவர்), கடப்படி (வீட்டு வாசல்), வாடி, களத்தில் நெல்லைச் சொல்லும் பொலி போன்றவை வேலையோடு ஒட்டிய சொற்கள். இவற்றையும் பாடமாக்கலாம். ஆனால் இவை தனியே நிற்காது, பின்னால் ஒரு இடத்தையோ ஆளையோ கேட்கும். “வட்டைக்குத் தண்ணி வரல்ல” என்றால் எந்த வட்டை? உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரா, நவகிரித் தண்ணீரா, சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வருவதா? எந்த வாய்க்காலின் கடைசி வயலில் காய்கிறது? வட்டையின் பெயரும் வாய்க்காலின் பெயரும் பேச்சில் தானாக வந்தால், ஆள் அந்தப் பக்கம் போயிருக்கிறார்.

சொல்லைச் சுற்றியுள்ள இலக்கணத்தையும் கேளுங்கள். ‘மறுகா அவை வருவினம்’ என்று ஒருவர் சொன்னால் சொல் மட்டக்களப்பு, வினைமுடிவு யாழ்ப்பாணம்; எங்கள் பக்கத்தில் ‘வருவாங்க’ என்போம். சொல்லை எடுத்து ஒட்டியிருக்கிறார் என்பதற்கு இது ஒரு அடையாளம். ஒரே ஒரு அடையாளம்தான். யாழ்ப்பாணத்தில் படித்தவர், அங்கே கலியாணம் செய்தவர், இடம்பெயர்ந்து வளர்ந்தவர் பேச்சிலும் இப்படிக் கலப்பு வரும். கொப்பியில் குறியுங்கள், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

உறவுச்சொல் பிசகினால் அதைச் சிறு விசயமாக விடாதீர்கள். ‘மச்சான்’ இன்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாடு முழுக்கச் சினேகிதனைக் கூப்பிடும் சொல். கொழும்பிலிருந்து வருகிற தலைவர் எல்லா மேடையிலும் அதைச் சொல்லலாம். தாய்வழிக் குடிமுறை இன்னும் கோயில் முறையிலும் கலியாணப் பேச்சிலும் நிற்கிற எங்கள் ஊர்களில் மச்சான் முறை என்றால் பெண் எடுக்கக் கொடுக்க உள்ள முறை. முன்வரிசையில் இருக்கும் பெண்களைப் பார்த்து ‘மச்சாள்மாரே’ என்று சொன்னால் சில முகம் சுருங்கும். ‘மனே’ மூத்தவர் இளையவரைக் கூப்பிடுவது. நாற்பது வயது வேட்பாளர் எழுபது வயதுப் பெரியவரை ‘என்ன மனே’ என்று கேட்டால் அன்பு மரியாதைக் குறைவாகிவிடுகிறது. ‘கா’ நெருங்கினவர்களுக்குள் புழங்கும் விளி. முன்பின் தெரியாத வீட்டுக் கடப்படியில் நின்று அதைச் சொல்வது உரிமையைக் கேட்காமல் எடுப்பது. முஸ்லிம் ஊர்களில் காக்கா, ராத்தா, வாப்பா, உம்மா என்ற முறைகளுக்கும் இதே கவனம் வேண்டும். இப்படிப் பிசகுகிறவர் எந்த வீட்டிலும் இருந்து பேசிப் பழகவில்லை, சொல்லை மட்டும் எடுத்து வந்திருக்கிறார் என்பதே அதன் பொருள்.

இன்னொன்று, ‘எங்கட’. பேச்சு முழுவதும் அந்தச் சொல்லை வட்டமிட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஆர் உள்ளே, ஆர் வெளியே என்று எழுதுங்கள். ‘எங்கட ஆக்கள்’ என்பது ஒரு வசனத்தில் கிராமம், அடுத்ததில் சாதி அல்லது குடி, மற்றதில் இனம், பிறகு கட்சி. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பேசும்போது கிழக்கே உள்ள எழுவான்கரைக்காரரை வெளியே தள்ளும் ‘எங்கட’ உண்டு. மட்டக்களப்பில் யாழ்ப்பாணத்தைத் தள்ளுவதும் உண்டு. அம்பாறைக் கரையோரத்தில் இது இன்னும் கூர்மையானது. கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று தமிழ், முஸ்லிம் ஊர்கள் வேலியோடு வேலியாக இருக்கும் இடத்தில் ஒரே வேட்பாளர் ஒரே நாளில் இரண்டு ‘எங்கட’ சொல்லலாம். தமிழரும் முஸ்லிம்களும் முரண்படும் கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரம் போன்ற ஒன்றில் இரண்டு ஊரிலும் பதிவு செய்து, அந்த இரண்டு பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இதற்கு இரண்டு ஊரிலும் ஒரு ஆள் வேண்டும். தமிழ்ப் பொடியனும் முஸ்லிம் பொடியனும் சேர்ந்து செய்தால் மிக நன்றாக வரும். வேறு வழியில் இந்தப் பதிவு கிடைப்பதும் கடினம்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக: கிழக்கில் நெல் பெரும்பாலும் விதைப்புத்தான், அறுவடையும் மெசினில்தான். நாற்று நடுகிற, அரிவாள் பிடிக்கிற படம் போட்டால் அது வட்டையில் நடக்கிற வேலையின் படம் அல்ல.

சிங்களத் தலைவர்கள் தமிழில் பேசும்போது

2009 மே 19 அன்று பாராளுமன்றத்தில் மகிந்த ராஜபக்ச உரையைத் தமிழில் தொடங்கினார். அதற்குப் பிறகு தமிழில் சில வசனம் பேசுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. பேச்சின் அழகை விட்டு, எந்த விசயம் எந்த மொழியில் வந்தது என்று இரண்டு நிரலில் எழுதுங்கள். வணக்கமும் அன்பும் தமிழில், தீர்மானமும் திகதியும் சிங்களத்தில் என்றால் அது ஒரு தகவல். தமிழும் அரச கரும மொழி என்று 1987இன் 13ஆவது திருத்தம் சொல்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: “நீங்கள் இன்று அறிவித்த திட்டத்தின் சுற்றறிக்கையும் விண்ணப்பப் படிவமும் தமிழில் எந்தத் திகதியில் பிரதேச செயலகத்துக்கு வரும்?”

கேள்வி கேட்டல்

கேள்வியை முதல் நாளே எழுதிக்கொண்டு போங்கள். ஊர்ப்பேச்சிலேயே கேளுங்கள், அந்தப் பேச்சில் ஒளிய இடம் குறைவு. ஒரு கேள்வியில் ஒரே விசயம். இரண்டைச் சேர்த்துக் கேட்டால் சுலபமானதுக்கு மட்டும் பதில் வரும்.

றோட்டு: “இது ஆர்ட றோட்டு?” பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண வீதி என்றால் மாகாணத் திணைக்களம், ஒழுங்கை என்றால் பிரதேச சபை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தெரிவான சபை இல்லை. மாகாண வீதிக்கு வாக்குறுதி தருகிறவர் யாரிடம் போய் எப்படிச் செய்விப்பார் என்று கேட்க வேண்டும். பிரதேச சபைத் தேர்தலில் நிற்பவர் பெரும் வைத்தியசாலை கட்டுவேன் என்றால், அது சபையின் அதிகாரத்துக்குள் இல்லை என்று அப்போதே சொல்லலாம்.

நெல்: “நல்ல வில வாங்கித் தருவன்” என்றால் எண் கேளுங்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த கொள்வனவு விலை கிலோவுக்கு நாட்டு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. 14 சதவீத ஈரப்பதனுக்குக் காய்ந்த நெல்லுக்கே அந்த விலை. கமக்காரன் அகப்படுவது இங்கேதான்: மெசின் அறுத்துப் போட்ட ஈர நெல்லைக் காயவைக்க இடம் இல்லாமல் களத்தடியிலேயே தனியாருக்குக் கொடுக்கிறான். ஆகவே கேள்வி விலையைப் பற்றி மட்டும் இருக்கக் கூடாது. “களஞ்சியம் எந்தத் திகதி திறக்கும்? அறுவடை தொடங்கின பிறகா, முன்னமா? காயவைக்கத் தளம் எங்க?” தண்ணீர் விடும் திகதி, விதைப்புத் திகதி பற்றி மேடையில் வாக்குறுதி தந்தால், அது தீர்மானமாவது பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் என்பதை நினைவுபடுத்தி, அந்தக் கூட்டத்துக்கு வருவாரா என்று கேளுங்கள்.

மேய்ச்சல் தரை: மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். அந்தக் கொட்டிலுக்கு வந்து மாட்டுக்காரர்களின் பேச்சிலேயே பேசிவிட்டுப் போனவர்கள் பலர். அங்கே கேட்க வேண்டியது: காணி மகாவலி அதிகார சபையின் கீழ் உள்ளது, மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் அறிவிக்க நீங்கள் எந்த அமைச்சருக்கு எழுதினீர்கள், கடிதத்தின் கொப்பி எங்கே?

வாக்களிப்புக்கு முன்னான 48 மணித்தியாலம் பிரசாரம் செய்ய முடியாத அமைதிக் காலம். கடைசி இரண்டு நாளில் கேட்போம் என்று கேள்வியைப் பிற்போடாதீர்கள்.

சரிபார்த்தல்

ஏற்கெனவே பாராளுமன்றத்தில் இருந்தவர் என்றால், அங்கே பேசியவற்றின் பதிவான ஹன்சாட்டைப் பாருங்கள். பேசிய மொழியிலேயே அச்சாகும். பாராளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கும். ஊரில் பச்சையில் முழங்கிய விசயத்தை அங்கே ஒருமுறையாவது எழுப்பினாரா? கேள்வியாகக் கேட்டாரா, பேச்சோடு பேச்சாகச் சொன்னாரா? இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒட்டுங்கள்.

திட்டம், நிதி பற்றிச் சொன்னவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016இன் 12ஆம் இலக்கம். உரிய நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் அதிகம் தோற்பது ஒரே காரணத்தால்: “எங்கட றோட்டுக்கு என்ன நடந்தது?” என்று எழுதுவதால். வீதியின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, ஆண்டு, கேட்கும் ஆவணம் (மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவு) நான்கையும் எழுதினால் பதில் வரும். பதில் வர நாட்கள் எடுக்கும் என்பதால், வேட்புமனு வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

எங்கே பிழைக்கும்

முப்பது விநாடித் துண்டை வெட்டி பேஸ்புக்கில் போடுவது முதல் பிழை. சொல் பிசகியதைச் சிரிப்பாகப் போட்டால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள். வாக்குறுதி பற்றிய கேள்வி அங்கேயே செத்துப்போகும். போட வேண்டுமென்றால் கேள்வியும் முழுப் பதிலும் சேர்த்துப் போடுங்கள்.

இரண்டாவது பிழை இன்னும் மோசமானது: பேச்சை வைத்து ஆளை ஊரை விட்டுத் தள்ளுவது. ‘மறுகா’ சொல்லத் தெரியாதவன் எங்கட ஆள் இல்லை என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை. வாகரைக் கரையோர வேடர், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர், ஏறாவூர் முஸ்லிம், திருக்கோவில் தமிழர் எல்லாருக்கும் தனித்தனி வழக்கு. மாவட்டத்துக்கு ஒரே பேச்சு ஒருநாளும் இருந்ததில்லை. வெறும் கந்தோர்த் தமிழில் பேசினாலும் நான்கு இடத்தையும் நிரப்புகிற வேட்பாளர், பச்சையாகப் பேசி நான்கையும் வெறுமையாக விடுகிறவரை விட எங்களுக்குப் பயன்படுவார். நிறம் போடுவது ஆளைத் தரம் பிரிக்க அல்ல, மாறும் இடத்தைக் காண.

மூன்றாவது, ஒரே கட்சியை மட்டும் பதிவு செய்வது. உங்கள் வீட்டார் ஆதரிக்கும் கட்சியின் கூட்டத்தில் தொடங்குங்கள். கை அங்கேதான் நடுங்கும், பழக்கமும் அங்கேதான் வரும். கொப்பியை வேட்பாளரின் ஆட்கள் கேட்டால் மறைக்க வேண்டாம். வசனம் அவர்களுடையதுதான். பிழையாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள், திருத்திய திகதியையும் எழுதுங்கள்.

தேர்தல் முடிந்த பிறகு கொப்பியைச் சங்கத்தின் அலுமாரியில், கூட்ட அறிக்கைப் புத்தகத்தோடு வையுங்கள். ஒருவர் வீட்டில் இருந்தால் அடுத்த தேர்தலுக்குள் தொலைந்துவிடும். வென்றவர் நன்றி சொல்ல ஊருக்கு வரும் நாளில் ஒருவர் எழும்பி, திகதியையும் இடத்தையும் சொல்லி, அவர் சொன்ன வசனத்தை அவர் சொன்ன அதே பேச்சில் ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசிக்கட்டும். வாசித்துவிட்டு இருந்துவிடலாம். பதிலை இரண்டாவது ஆள் பதிவு செய்வார்.